பாட்டுக்கு ஆடும் கார் விளக்கு

பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் விளக்கை என் காரில் அமைக்க ஆசைப்பட்டேன். ஒரு ஆர்டுயினோ நானோ போர்டு, மைக் மாட்யூல், 60 எல்.இ.டி. கொண்ட டபிள்யூ.எஸ்.2812பி ஸ்ட்ரிப் வாங்கினேன்.

மைக் தரும் சிக்னலை நானோ அளக்கும். சத்தம் கூடக் கூட அதிக எல்.இ.டி.க்களை எரிய வைக்கும். இதற்கான புரோகிராமைக் கம்ப்யூட்டரில் எழுதி, யு.எஸ்.பி. கேபிள் வழியே போர்டில் ஏற்றினேன். மேஜையில் அருமையாக வேலை செய்தது.

காரில்தான் சொதப்பினேன். கார் பேட்டரி 12 வோல்ட். ஸ்ட்ரிப்புக்கு 5 வோல்ட்தான் வேண்டும். எனவே இடையில் கன்வெர்ட்டர் போட்டேன். ஆனால் ஃபியூஸ் போடவில்லை. சீட்டுக்கு அடியில் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆனது. குபுகுபுவென்று புகை! பேட்டரி இணைப்பைக் கழற்றியதால் கார் தப்பியது.

நீங்கள் செய்யும்போது முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு எல்.இ.டி. முழு வெள்ளையில் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 60 எல்.இ.டி.க்கு 3.6 ஆம்பியர். ஆகவே 5 ஆம்பியர் கன்வெர்ட்டர் தேவை. 12 வோல்ட் பக்கம் இது 2 ஆம்பியருக்குள் அடங்கும். அங்கே, பேட்டரிக்கு அருகிலேயே, 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

ஸ்ட்ரிப்பை ஓட்டுபவர் கண்ணில் படாமல் காலடியில் ஒட்டுங்கள். ஃபியூஸ் விலை சில ரூபாய்தான். கார் விலை உங்களுக்கே தெரியும்!