மின்தடை நாளில் வேலிக்குள் நடப்பது என்ன?

பராமரிப்புப் பணியை முன்னிட்டு இன்ன தேதியில் மின்சாரம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பைக் கண்டவுடன், விசைத்தறி வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களின் முகம் வாடிவிடுகிறது. பாவு தறியிலேயே நிற்கும், கூலி குறையும். பம்பு செட்டை நம்பியிருக்கும் விவசாயிக்கோ, அன்றைய பாய்ச்சல் தவறிவிடுகிறது. இந்த வருத்தம் நியாயமானதே. ஆயினும், அந்தச் சில மணி நேரத்தில் துணை மின்நிலையத்தின் வேலிக்குள் நடப்பதை அறிந்தால், அதில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பது விளங்கும்.

1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அது முதல் கொங்கு நாட்டு ஆலைகளும் தறிகளும் கிணறுகளும் மின்சாரத்தின் துணையால் வளர்ந்தன. தொலைவிலிருந்து வரும் மின்சாரம் 1,10,000 வோல்ட் போன்ற உயர்ந்த அழுத்தத்தில் வருகிறது. துணை மின்நிலையத்தில் அது 22,000 அல்லது 11,000 வோல்ட்டாகத் தணிக்கப்படுகிறது. நம் ஊர் டிரான்ஸ்பார்மர் அதை மேலும் தணித்துத் தறிக்கும் பம்புக்கும் ஏற்றதாக்குகிறது. இந்த வழியெங்கும் மின்சாரத்தைச் சேர்க்கவும் துண்டிக்கவும் அமைந்தவையே சுவிட்சுக் கருவிகள்.

அவற்றுள் இரண்டை நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று சர்க்யூட் பிரேக்கர். பாய்ந்துகொண்டிருக்கும் மின்சாரத்தை இடையில் அறுக்கவல்லது இதுவே. அறுக்கும்போது எழும் தீப்பொறியை வெற்றிடத்திலோ, தனி வகை வாயுவிலோ, எண்ணெயிலோ இது அணைத்துவிடுகிறது. மற்றொன்று ஐசொலேட்டர். துண்டிப்பைக் கண்ணால் காணும்படி காட்டுவதே இதன் வேலை. ஓடும் மின்சாரத்தை அறுக்கும் வல்லமை இதற்கு இல்லை. பிரேக்கரை நிறுத்தாமல் ஐசொலேட்டரைத் திறந்தால், செம்பையும் ஆவியாக்கும் வெப்பத்துடன் மின்வில் பாய்ந்து, அருகில் நிற்பவரைச் சுட்டுவிடும். ஆகையால் பிரேக்கர் முதலில், ஐசொலேட்டர் பின்னர் என்ற வரிசை ஒருபோதும் பிறழலாகாது.

இனி, பணி நடக்கும் முறையைக் காண்போம். முதலில், பொறுப்பாளரிடமிருந்து எழுத்து மூலம் அனுமதி பெறப்படும். இதனை 'லைன் கிளியர்' என்பர். பிரேக்கரை நிறுத்தி, ஐசொலேட்டர்களைத் திறந்து, பூட்டுப் போட்டு, 'ஆட்கள் வேலை செய்கின்றனர். இயக்காதீர்' என்ற பலகையைத் தொங்கவிடுவர். அடுத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதி செய்வர். அந்தக் கருவியே பழுதாயிருந்தால் என் செய்வது? ஆதலால், சோதனைக்கு முன்னும் பின்னும், மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்ப்பர். அதன் பின்னர், எர்த் கோலின் கம்பியை முதலில் பூமி இணைப்பில் பொருத்தி, அப்பாலேயே கோலை மின்கம்பியில் மாட்டுவர். எடுக்கும்போது முறை தலைகீழ்: மின்கம்பியிலிருந்து முதலில், பூமியிலிருந்து கடைசியில்.

நிறுத்திய பின்னும் அபாயம் முற்றும் நீங்கிவிடுவதில்லை. கெப்பாசிட்டரிலும் நீண்ட கேபிளிலும் மின்னேற்றம் தங்கியிருக்கும். பிரேக்கரை இயக்கும் சுருள்வில் முறுக்கேறி நின்றால், கை வைத்தவரின் விரலை அது முறித்துவிடும். இவற்றையும் தணித்த பிறகே துடைத்தலும், திருகுகளை இறுக்குதலும், எண்ணெயைச் சோதித்தலும் தொடங்கும். பீங்கான் இன்சுலேட்டரில் படிந்த தூசி மழை ஈரத்தில் மின்சாரத்துக்கு வழி விடும். தளர்ந்த இணைப்பு சூடேறி ஒருநாள் உருகிவிடும். இவற்றைக் கவனியாது விட்டால், சில மணி நேரத் தடைக்குப் பதிலாகப் பல நாள் தறி நிற்க நேரிடும்.

இவ்வளவு ஒழுங்காக வேலை நடந்தாலும், நம் பக்கத்திலிருந்து ஒரு பெரும் தீங்கு நேரலாம். மின்சாரம் நின்றதும் தறிக்கூடத்தில் ஜெனரேட்டரை ஓட்டுகிறோம். முறையான மாற்றுச் சுவிட்சு இல்லாமல் அதனை இணைத்தால், அந்த மின்சாரம் பின்னோக்கிச் சென்று டிரான்ஸ்பார்மரை அடையும். வரும்போது அழுத்தத்தைத் தணித்த அதே டிரான்ஸ்பார்மர், திரும்பிச் செல்லும்போது அதனை உயர்த்திவிடும். 'கம்பியில் உயிர் இல்லை' என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் கையில் 11,000 வோல்ட் வந்து சேரலாம். நாம் ஒரு நாள் கூலியைக் காக்கப் போய், ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்தவர்களாவோம்.

பயிர் வாடுகிறதென்று, பியூஸ் போட டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் தாமே ஏறுவோரும் நம்மிடையே உண்டு. கம்பத்து ஸ்விட்சைத் திறந்தாலும் அதன் மேற்பக்கம் உயர் மின்னழுத்தத்துடனேயே இருக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். உயர் அழுத்தத்தில் தொடுதல்கூட வேண்டுவதில்லை; மிக நெருங்கினாலே போதும். ஆகவே, எத்தனை அவசரமாயினும் மின்வாரியப் பணியாளரையே அழைத்தல் வேண்டும்.

அங்கத்தினர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. ஜெனரேட்டருக்கு, இரு மின்சாரமும் ஒருசேர இணைய இடந்தராத மாற்றுச் சுவிட்சை, உரிமம் பெற்றவரைக் கொண்டு பொருத்துக. அறிவித்த நேரத்துக்கு முன்பே மின்சாரம் வரக்கூடுமாதலால், தறி மோட்டாரின் மெயினை நிறுத்தி வைக்குக. 'இன்னும் வரவில்லையா?' என்று பணியாளரை விரைவுபடுத்தாதீர்; அவசரமே வரிசையைப் பிறழச் செய்வது. சொந்தமாக உயர் அழுத்த இணைப்புள்ள கூட்டுறவு நூற்பாலைகளில், தகுதி பெற்றவரேயாயினும் ஒருவராகத் தனியே சுவிட்சு அறைக்குள் பணி செய்யலாகாது. பூட்டின் சாவி வேலை செய்பவரிடமே இருத்தல் வேண்டும். பஞ்சுத் தூசியும் எலியும் பல்லியும் புகாதபடி அறையின் துவாரங்களை அடைத்தல் வேண்டும்.

ஒருவர் பொறுப்பை மற்றவர் தாங்குவதே கூட்டுறவு. கம்பத்தின் மேல் இருப்பவர் நம் சங்கத்து அங்கத்தினர் அல்லராயினும், அவரது உயிரின் ஒரு முனை நம் தறிக்கூடத்துச் சுவிட்சில் இருக்கிறது. அடுத்த மின்தடை நாளன்று, ஜெனரேட்டரைத் தொடுமுன் இதனை நினைவிற்கொள்வோமாக.