தேயிலைச் சரிவும் எலெக்ட்ரான் கணக்கும்

பௌதிகத்தின் கடினமான கணக்கு ஒன்றை, மூணாற்றுக்காரனாகிய நான் எங்கள் ஊர்த் தேயிலைச் சரிவைக் கொண்டே விளக்க முற்படுகிறேன்.

செடிக்கு ஒருவராகக் கொழுந்து பறிப்போர் நிற்கிறார்கள். ஒரே செடியில் இருவர் என்றால் நெருக்கடி. ஆகவே, பக்கத்துச் செடி காலியானாலன்றி எவரும் நகர்வதற்கில்லை. சில பொருள்களில் எலெக்ட்ரான்களின் நிலையும் இதுவே, மின்சாரம் ஓடுவதில்லை. சில எலெக்ட்ரான்களை நீக்கினாலோ ஓட்டம் பிறக்கிறது. 1986-இல் கண்டறியப்பட்ட தாமிர ஆக்சைடுகள் கடுங்குளிரில் தடையே இன்றி மின்சாரத்தைச் செலுத்துவது இவ்வாறுதான்.

ஹப்பர்டு என்பார் 1963-இல் இதற்கு எளிய மாதிரி ஒன்றை வகுத்தார். மாதிரி எளிது, கணக்கோ எளிதன்று. ஓர் இடம் காலியாக இருக்கலாம், மேல்சுழற்சி எலெக்ட்ரானோ கீழ்ச்சுழற்சி எலெக்ட்ரானோ இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். ஆக நான்கு நிலைகள். 10 இடங்களுக்கு 10,48,576 நிலைகள். 20 இடங்களுக்கோ ஒரு லட்சம் கோடிக்கும் மேல்! ஒன்றை நோக்கியே மற்றொன்று அசைவதால், தனித்தனியே கணக்கிடவும் வழியில்லை.

பறிப்பவர் செடி முழுவதையுமா பறிக்கிறார்? இரண்டு இலையும் ஒரு மொட்டுமே கூடைக்குப் போகின்றன. 1992-இல் ஸ்டீவன் வைட் கண்ட முறையும் அத்தகையதே: முக்கியமான நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணிப்பொறி விட்டுவிடும். ஒற்றை வரிசைக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. தாமிர ஆக்சைடு போன்ற அகன்ற பரப்பிலோ திணறுகிறது.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. பாஸ்கரன், 1987-இல் ஆண்டர்சன் முதலானோருடன் சேர்ந்து, எலெக்ட்ரான்கள் இணை இணையாகப் பிணைவதே காரணம் என்று ஒரு கொள்கை வகுத்தார். அது முற்றும் சரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்புக்கு உதவ வேண்டிய கணக்கு, கொழுந்து எது முற்றல் எது என்று பிரித்தறியும் கண்ணுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் கண் நம் மாணவருள் ஒருவருக்கு ஏன் வாய்க்கக் கூடாது?