பிடித்த மீனைக் கடலில் விடுகிறார்கள்!

கால் மணி நேரம் போராடி ஒரு மீனைப் பிடிக்கிறார், ஒரு மனிதர். நாலு கிலோ எடை இருக்கும். வெள்ளித் தகடு போல் மின்னுகிறது. பிடித்ததும் அவர் மீனின் முதுகைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, தூண்டில் முள்ளைக் கழற்றி, அதைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்!

இது கதை அல்ல. அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்தில் நடப்பது. வாஷிங்டன் என்றதும் ஜனாதிபதி மாளிகை உள்ள தலைநகரம் என்று நினைத்துவிட வேண்டாம். அது கிழக்குக் கோடியில் உள்ள நகரம். இது மேற்குக் கோடியில் உள்ள மாநிலம். பெயர் மட்டும்தான் ஒன்று.

இங்கே பசிபிக் மகா சமுத்திரம், கையை நீட்டினாற்போல் நிலத்துக்குள் நீண்டு கிடக்கிறது. நீளம் சுமார் 100 மைல். பெயர், பியூஜெட் சவுண்ட். சியாட்டில் நகரம் இதன் கரையில்தான் இருக்கிறது. கோடை முடிந்ததும் சாமன் மீன்கள் சமுத்திரத்தில் இருந்து இந்த வழியாகத் தங்கள் ஆறுகளுக்குத் திரும்புகின்றன.

ஒற்றை ஆள் படகு

அந்த மனிதர் உட்கார்ந்திருக்கும் படகுக்குக் கயாக் என்று பெயர். வாழைப்பூ மடல் போல் இரு முனையும் கூராக இருக்கும். பெரும்பாலும் ஒருவர்தான் உட்காரலாம். துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை உண்டு. இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் படகு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

பனிக்கடல் ஓரத்தில் வாழும் இனுயிட் மக்களின் படகு இது. கடலில் ஒதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, அதில் வேட்டைக்குப் போனார்கள். இன்று அதே வடிவத்தைப் பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள்.

மோட்டார் படகு போக முடியாத ஆழமில்லாத இடத்துக்கும் கயாக் போகும். கடற்புல் வளர்ந்த திட்டுகளில் குஞ்சு மீன்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். அவற்றைத் தின்ன சாமன் அங்கே வரும். மோட்டார் இரைச்சல் இல்லாமல் அதன் பக்கத்தில் போய்ச் சேரலாம். கயாக்கின் பெருமை அதுதான்.

இறகுதான் இரை

தூண்டிலில் புழு கிடையாது, மீன் துண்டும் கிடையாது. முள்ளின்மேல் மான் மயிரையும் இறகையும் வைத்து நூலால் இறுகக் கட்டுகிறார்கள். பளபளக்கும் ஜரிகையும் சேர்ப்பதுண்டு. தண்ணீரில் இழுத்தால் அது சிறு மீன் நீந்துவது போல் தெரியும். ஆங்கிலத்தில் இதை ‘ஈ’ என்றே சொல்கிறார்கள். ஆற்றில் வாழும் மீனைப் பிடிக்க ஈயைப் போலக் கட்டியதால் வந்த பெயர். மாசிடோனியா நாட்டார் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலும் இறகும் சுற்றி மீன் பிடித்ததை, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார்.

இறகுக்குக் கனம் ஏது? கல்லை எறியலாம், பஞ்சை எறிய முடியுமா? அதனால் கனத்தைக் கயிற்றில் வைத்தார்கள். தூண்டில் கயிறு தடிமனாக இருக்கும். ஒன்பது அடி நீளக் கோலைப் பின்னும் முன்னும் வீசினால், கயிறு சாட்டை போல் காற்றில் விரியும். அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத தங்கூசி. தங்கூசியின் நுனியில் இறகு. கயிறு போகும் இடத்துக்கு இறகும் போகும்.

நின்றுகொண்டு வீசுவதே கடினம். கயாக்கிலோ, தண்ணீர் மட்டத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வீச வேண்டும். பின்பக்கம் போகும் கயிறு தண்ணீரில் அடிக்கும். மடியில் கிடக்கும் கயிறு துடுப்பில் சிக்கும். அதற்குள் நீரோட்டம் படகைத் திருப்பிவிடும். சாமன் கவ்விவிட்டாலோ, படகையே இழுத்துக்கொண்டு போகும்! சில சமயம் கடல்நாய் குறுக்கே வந்து, தூண்டிலில் உள்ள மீனைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

தண்ணீரில் விழுந்தால் விளையாட்டு அல்ல. அந்த நீரின் சூடு ஏறக்குறைய 10 டிகிரி சென்டிகிரேடுதான். விழுந்த கணமே மூச்சுத் திணறும். சில நிமிஷங்களில் கைவிரல் மரத்துப்போகும். நீந்தத் தெரிந்தவர்களும் இதில் இறந்திருக்கிறார்கள். ஆகவே மிதவைச் சட்டை இல்லாமல் விவரம் தெரிந்தவர்கள் இறங்குவதில்லை. பலர் நீர் புகாத முழு உடுப்பும் அணிகிறார்கள்.

இத்தனை பாடுபட்டுப் பிடித்த மீனைத் திருப்பி விடுவதா? கடையில் வாங்கிவிட்டுப் போகலாமே என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடை மீனின் முதுகில் இருக்கிறது.

மூக்கை அடைத்தார்கள்

இங்கே வெள்ளி சாமன் என்று ஒரு ஜாதி உண்டு. கோஹோ என்றும் சொல்வார்கள். அது ஓடையில் பிறக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே வளர்கிறது. பிறகு கடலுக்குப் போய் சுமார் ஒன்றரை வருஷம் தின்று கொழுக்கிறது. மூன்றாம் வருஷம் பிறந்த ஓடைக்கே திரும்பி வருகிறது! நன்னீரில் நுழைந்தபின் இரை தின்பதில்லை. முட்டையிட்டதும் செத்துப்போகிறது.

பிறந்த ஓடை அதற்கு எப்படித் தெரிகிறது? விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் இதை ஆராய்ந்தார்கள். சியாட்டிலுக்குப் பக்கத்தில் இஸக்வா என்ற ஓடை இரண்டு கிளையாகப் பிரிகிறது. இரண்டு கிளையிலும் ஏறி வந்த வெள்ளி சாமன்களைப் பிடித்தார்கள். பாதி மீன்களின் மூக்கைப் பஞ்சால் அடைத்தார்கள். எல்லாவற்றையும் கிளை பிரியும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தங்கள் கிளைக்கே திரும்பின. மூக்கு அடைபட்டவை தடுமாறி, கிளை மாறிப் போயின. பிறந்த தண்ணீரின் வாசனையே வழிகாட்டி என்று 1954-ல் அறிவித்தார்கள்.

முதுகில் உள்ள அடையாளம்

சாமன் குறைந்துகொண்டே வந்ததால், சர்க்கார் பண்ணைகளில் குஞ்சு பொரித்து ஆற்றில் விடுகிறார்கள். சாமனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சதைச் செட்டை இருக்கும். பண்ணைக் குஞ்சுகளுக்கு இந்தச் செட்டையை வெட்டி விடுகிறார்கள். 1990-களில் இருந்து இப்படிப் பெரிய அளவில் அடையாளம் வைக்கிறார்கள்.

செட்டை இல்லையா? பண்ணை மீன், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். செட்டை இருக்கிறதா? இயற்கையாகப் பிறந்த மீன். பல இடங்களில் அதை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். எங்கே, எந்த மாதம், எதைப் பிடிக்கலாம் என்ற விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். விட வேண்டிய மீனைப் படகுக்குள் தூக்கிப் போடுவதும் குற்றம். தூண்டில் முள்ளில் எதிர்க்கூர் இருக்கக் கூடாது. இருந்தால் கழற்றும்போது வாய் கிழியும். கயாக்காரருக்கு இதில் ஒரு வசதி. அவர் தண்ணீரோடு தண்ணீராக உட்கார்ந்திருப்பதால், மீனைத் தூக்காமலே முள்ளை எடுத்துவிடலாம். அப்படியும் விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. களைத்துப்போய்ச் சாவதும் உண்டு.

சட்டம் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சாமன்களில் பெரியது சினூக் என்னும் ராஜ சாமன். பியூஜெட் சவுண்டில் அந்த இனம் அழியக்கூடும் என்று, 1999-ல் அமெரிக்க சர்க்கார் அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

மழை பெய்தால் மரணம்!

தூண்டிலுக்குத் தப்பிய வெள்ளி சாமன் நகரத்து ஓடைக்குள் நுழைகிறது. அங்கே வேறு எமன் காத்திருந்தான். மழை பெய்தவுடன் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு வட்டமிட்டன. சில மணி நேரத்தில் செத்து மிதந்தன, வயிற்றில் முட்டையோடு! அதே தண்ணீரில் சம் என்னும் இன்னொரு ஜாதி சாமன் சுகமாக நீந்திக்கொண்டிருந்தது. காரணம் தெரியாமல் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் விழித்தார்கள்.

கடைசியில் சந்தேகம் கார் டயர்மேல் விழுந்தது. டயர்த் தூளை நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். அதில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரசாயனங்கள்! ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, மீனைக் கொல்வது எது என்று தேடிக்கொண்டே போனார்கள். ஒன்றே ஒன்று மிஞ்சியது. டயர் வெடித்துப் போகாமல் இருக்க ‘6 பி.பி.டி.’ என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். காற்றில் உள்ள ஓசோன் பட்டதும் அது வேறொரு நஞ்சாக மாறுகிறது. மழை அதைச் சாலையில் இருந்து கழுவி ஓடைக்குக் கொண்டுவருகிறது. இந்த முடிவு 2020 டிசம்பரில் வெளியாயிற்று.

பரிகாரம் இல்லாமல் இல்லை. சாலைத் தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த படுகை வழியாக வடிய விட்டால், அதில் வெள்ளி சாமன் பிழைக்கிறது. சோதனையில் கண்ட உண்மை இது. ஆனால் இருக்கிற சாலைகளுக்கெல்லாம் படுகை கட்டுவது லேசான காரியமா? டயருக்கு வேறு மருந்தும் தேடுகிறார்கள்.

சியாட்டிலில் லாங்ஃபெல்லோ என்று ஒரு ஓடை, வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே ஓடுகிறது. இலையுதிர் காலத்தில் ஊர்க்காரர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அதில் இறங்குகிறார்கள். செத்துக் கிடக்கும் சாமன்களை எண்ணுகிறார்கள். பெண் மீனாக இருந்தால் வயிற்றைக் கீறிப் பார்க்கிறார்கள். காலியாக இருந்தால், முட்டையிட்டுவிட்டுச் செத்த மீன். சினை அப்படியே இருந்தால், அதையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு அடுத்த மீனிடம் போகிறார்கள்.