ஒப்போர் ஆட்சி

தலைவன் ஒருவன் இல்லாதவிடத்துத் தவறுவோரைத் திருத்துவார் யார்? பிரான்சு நாட்டுச் சமூகவியலறிஞர் எம்மானுவேல் லசேகாவின் நெடுங்கால ஆய்வு இவ்வினாவையே சுற்றி அமைந்தது எனலாம். ஒப்புடையார் கூடித் தொழில் நடத்துதலைக் 'கூட்டுறவு' என்னலாமெனினும், அச்சொல் சங்கங்களுக்கே உரியதாகிவிட்டமையின் ஈண்டு 'ஒப்போர் ஆட்சி' என வழங்குவோம்.

1988 முதல் 1991 வரை, அமெரிக்க வடகிழக்கில் மூன்று நகரங்களில் அலுவலகம் கொண்டிருந்த வழக்கறிஞர் நிறுவனமொன்றை அவர் ஆராய்ந்தார். ஆங்கிருந்த 71 வழக்கறிஞருள் பங்காளர் 36 பேர். ஏனையோர் அவர்க்குத் துணைவர். பங்காளர்தம் ஆதாயம் மூப்பின்படியே பகிரப்பட்டது. ஆகவே உழையாதார்க்கும் பங்கு குறைவதில்லை. அவரை நீக்குதலும் எளிதன்று.

யாரொடு பணிபுரிகின்றீர், யாரிடம் அறிவுரை நாடுகின்றீர், புறத்தே யாரொடு பழகுகின்றீர் என மூன்று உறவுகளை அவர் வினவினார். அறிவுரை நாடினோர் தம்மின் மூத்தாரையோ ஒத்தாரையோ அணுகினரன்றி இளையாரை அணுகியது அரிதே. வினவுதல் மதிப்பைக் குறைக்கும் என்னும் அச்சமே இதற்குக் காரணம் என்க. தவறியாரைத் திருத்தவும், பகை நேராவண்ணம் பிறர் வாயிலாக முயலும் வழக்கத்தை அவர் விளக்குகின்றார். 2001-இல் வெளிவந்த அவர்தம் நூலுக்கு உயிர்நிலை இப்பகுதியே என்பது எம் கருத்து.

பின்னர், வணிகத்துறையினரே ஊதியமின்றி நீதிபதியராக அமரும் பாரிசு வணிக நீதிமன்றத்தை ஆராய்ந்தார். சட்டம் பயின்ற வங்கித்துறையினரிடமே ஏனைய நீதிபதியர் பெரிதும் அறிவுரை நாடினர். நொடித்த நிறுவனங்களின் வழக்குகளும் அம்மன்றத்துக்கே வருகின்றன. அவற்றுட் கடன் கொடுத்தோராய் நிற்பாருள் வங்கிகளும் உள.