மண்ணை எத்தனை நாள் திறந்து வைக்கலாம்?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டி ஓடும் போட்டோமாக் ஆற்றங்கரையில் மூன்று அரசுகளின் ஆட்சி நடக்கிறது. இக்கரையில் தலைநகரப் பகுதியும் மேரிலாந்தும், அக்கரையில் விர்ஜீனியா. வீடு கட்ட மண்ணைத் தோண்டினால் இந்த மூன்று இடத்திலும் மூன்று கணக்கு.

தலைநகரில் 50 சதுர அடி, அதாவது ஒரு குளியலறை அளவு மண்ணைக் கிளறினாலே மண்ணரிப்புத் தடுப்பு விதிகள் வந்து நிற்கும். மேரிலாந்தில் அந்த எல்லை 5,000 சதுர அடி. நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குச் சற்று மேல். பரப்பு அதற்குக் குறைவாக இருந்தாலும், 100 கன கெஜம், அதாவது 27 யூனிட் மண்ணை அள்ளிப்போட்டால் தடுப்புத் திட்டம் தாக்கல் செய்தாக வேண்டும். விர்ஜீனியாவில் பொது எல்லை 10,000 சதுர அடி. செசபீக் விரிகுடாவுக்கான பாதுகாப்புப் பகுதிகளில் அது 2,500 ஆகக் குறைகிறது.

நாடு முழுவதற்குமான மத்திய விதியோ 1 ஏக்கரில்தான் தொடங்குகிறது. 18 கிரவுண்டு! அதுவரை காத்திருக்க இந்த மூன்று அரசுகளும் தயாராக இல்லை. காரணம், போட்டோமாக் போய்ச் சேரும் செசபீக் விரிகுடா. கலங்கிய நீரில் வெயில் இறங்காது. நீரடிப் புற்கள் அழியும். படியும் வண்டலில் சிப்பிகள் புதைந்துபோகும். மேலே தோண்டுகிறவரின் கணக்கைக் கீழே விரிகுடா கட்ட வேண்டியிருக்கிறது.

பிடிப்பதா, மூடுவதா?

கட்டுமான இடத்தைச் சுற்றிக் கறுப்புத் துணித் திரை கட்டுவதுதான் அமெரிக்காவின் எல்லா ஊர்களிலும் கண்ணில் படும் ஏற்பாடு. லாரி வெளியேறும் வாசலில் சரளைக்கல் பரப்புவார்கள். பள்ளமான மூலையில் வண்டல் தொட்டி வெட்டுவார்கள். இவையெல்லாம் அரித்து வந்த மண்ணைப் பிடிக்கும் வழிகள். மணல் அவற்றில் சிக்கும், களிமண் சிக்காது. மழைத்துளி விழுந்து உடைத்த களிமண் துகள் அவ்வளவு நுண்மையானது. நீரில் நாள்கணக்கில் மிதந்து, திரையையும் தொட்டியையும் தாண்டிப் போய்விடும்.

ஆகவே மண்ணைத் துளி தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் உறுதியான வழி. வைக்கோல் மூடாக்கு போடலாம், நார் விரிப்பு விரிக்கலாம், புல் விதைக்கலாம். விவரம் தெரிந்த விதிகள் திரையின் நீளத்தோடு நிற்பதில்லை. மண் திறந்து கிடக்கும் நாளையும் எண்ணுகின்றன. மேரிலாந்தில் செங்குத்தான சரிவுகளை 3 நாளுக்குள் மூட வேண்டும். மற்ற இடங்களுக்கு 7 நாள். மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நேரடியாகத் தரும் அனுமதியிலோ சிறிய இடங்களுக்கு 14 நாள் வரை அவகாசம் உண்டு.

ஒரு மாநிலம், இரண்டு காலண்டர்

நாள் கணக்கை மழைக்கணக்கோடு சேர்த்துக் கட்டியது மேற்குக் கோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலம். அதை நடுவே பிரிப்பது கேஸ்கேட் மலைத்தொடர். மேற்கே குளிர்காலம் முழுக்க நசநசவென்று மழை. கிழக்கே மழைமறைவுப் பகுதி. விதியும் மலை உச்சியில் இரண்டாகப் பிரிகிறது. மேற்கில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வேலை நடக்காத மண்ணை 2 நாளுக்கு மேல் மூடாமல் விடக்கூடாது. மே முதல் செப்டம்பர் வரை 7 நாள். கிழக்கில் பொதுவாக ஈரக்காலம் அக்டோபரிலிருந்து ஜூன் வரை என்று வகுத்து 5 நாள் தருகிறார்கள். மீதி மூன்று மாதத்துக்கு 10 நாள்.

வெளியேறும் நீரின் கலங்கலுக்கும் அங்கே அளவு உண்டு. அளவுமானியில் 25 அலகைத் தாண்டினால் தடுப்பு ஏற்பாடுகளைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும். 250-ஐத் தொட்டால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும். அந்த மாநிலத்து ஆறுகளில் சால்மன் மீன் கூழாங்கற்களுக்கு இடையே முட்டையிடுகிறது. வண்டல் படிந்தால் முட்டை மூச்சுத் திணறும்.

இப்படியோர் அளவை நாடு முழுக்க விதிக்க 2009-ல் மத்திய முகமையும் முயன்றது. பெரிய கட்டுமான இடங்களுக்கு 280 அலகு என்று உச்ச வரம்பு வைத்தது. கட்டுமானத் துறையினர் எதிர்த்தார்கள். வரம்பைக் கணக்கிட்டதிலும் பிழை இருந்தது. விதி நிறுத்தி வைக்கப்பட்டு, 2014-ல் அந்த எண்ணே நீக்கப்பட்டது. தேசம் முழுவதற்கும் பொதுவாக வைத்த எண் உதிர்ந்தது. தன் மழையையும் மீனையும் பார்த்து ஒரு மாநிலம் வகுத்தது நிலைத்தது.

நீலகிரிக்கு எந்தக் கணக்கு?

கேஸ்கேட் மலையைப் போலவே மழையை இரண்டாகப் பங்கிடும் மலை நம்மிடமும் இருக்கிறது. நீலகிரியின் மேற்கே கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கே குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் சரிவுகள் இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் வெள்ளமும் நிலச்சரிவும் அவலாஞ்சி, கூடலூர் பக்கம் தாக்கின. மாவட்டம் ஒன்றுதான், ஆபத்து வரும் மாதம் வேறு.

விதிகள் அங்கே இல்லாமல் இல்லை. கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டுமானங்களுக்கு முன் அனுமதி கேட்பது 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பிலிருந்துதான். அது அளப்பது எழும்பும் கட்டடத்தை. ஒரு சிறு பங்களாவுக்காகச் சரிவை வெட்டிப் பாதை போடுகிறவர் அந்தக் கணக்கில் அகப்படமாட்டார். மழைக்கு முதலில் கரைவது அவர் வெட்டிய மண்தான்.

பொக்லைனுக்குத் தரும் அனுமதித் தாளிலேயே இரண்டு தேதிகளைச் சேர்த்துவிடலாம்: கூடலூர்ப் பக்கம் என்றால் மே முடிவதற்குள், குன்னூர்ப் பக்கம் என்றால் செப்டம்பர் முடிவதற்குள் வெட்டிய மண் மூடப்பட்டிருக்க வேண்டும். மூடுவதற்கான தென்னை நார் மலைக்குக் கீழே பொள்ளாச்சியிலேயே கிடைக்கிறது.