‘சும்மாதான் பார்க்கிறோம்’: வெளிநாட்டுக் கடைகளில் நம்மவர் மனம் நோவது ஏன்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்கள் இப்போதெல்லாம் லங்காவியோடும் மேடானோடும் நின்றுவிடுவதில்லை. பாரிஸ், இஸ்தான்புல் என்று குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். 2013-ஆம் ஆண்டு முதல் விசா இல்லாமல் போக முடிவதால் ஜப்பானும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. திரும்பி வந்து சொல்லும் கதைகளில் கோபுரமும் பனியும் இருப்பதைப் போலவே ஒரு மனக்குறையும் அடிக்கடி தலைகாட்டும். “கடைக்குள்ள போனோம், ஏன்னு கேக்க ஆள் இல்ல” என்பார் ஒருவர். “பின்னாலயே வந்துகிட்டு இருந்தா, நாம என்ன திருடவா போறோம்?” என்பார் இன்னொருவர்.

இரண்டும் வலிக்கக்கூடியவை. நம் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி நடத்தினார்களோ என்ற எண்ணம் உடனே வருகிறது. அந்த எண்ணம் சில வேளைகளில் சரியாகவும் இருக்கும். ஆனால் பல வேளைகளில் அது அந்த ஊர் வழக்கம் தெரியாததால் வந்த வினை. எது வழக்கம், எது அவமதிப்பு என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி உதவுகிறது: அந்த ஊரில் கடை என்பது யாருடைய இடம்?

பாரிஸில் கடை என்பது கடைக்காரரின் இடம். சிறிய துணிக்கடையோ ரொட்டிக்கடையோ, உள்ளே காலடி வைப்பது ஒருவர் வீட்டு வாசற்படி ஏறுவதைப் போலத்தான். வீட்டுக்குள் நுழைகிறவர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். அங்கே அது “போன்ஜூர்”. பெண்ணாக இருந்தால் “போன்ஜூர் மதாம்”, ஆணாக இருந்தால் “போன்ஜூர் மெஸ்யே”. இதைச் சொல்லாமல் நேராகப் போய் சட்டையைப் புரட்டினால், கடைக்காரரின் கண்ணுக்கு மரியாதை தெரியாதவர் வந்திருக்கிறார். அவர் முகம் இறுகுவது அதனால்தான். நம்மவரோ, “வாங்க” என்று அவர்தான் கூப்பிடுவார் என எதிர்பார்த்து நிற்கிறார். இரண்டு பேருமே மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே மனக்கசப்பு.

வணக்கம் சொன்ன பிறகு “ஜ ருகார்ட்” என்றால் போதும். ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று பொருள். அதன்பின் விட்டுவிடுவார்கள். பழக்கடையில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பல இடங்களில் பழத்தை நாமே தொட்டு அழுத்திப் பார்க்கக் கூடாது. இன்றைக்குச் சாப்பிடவா நாளைக்கா என்று கேட்டு, கடைக்காரரே எடுத்துத் தருவார். வெளியே வரும்போது ஒன்றும் வாங்காவிட்டாலும் நன்றி சொல்லி, “ஓ ருவார்” என்று விடைபெறுவது வழக்கம்.

வேடிக்கை என்னவென்றால், வாங்காமல் சும்மா சுற்றிப் பார்க்கும் உரிமையைப் பரப்பிய கடைகளில் முக்கியமான ஒன்று அதே பாரிஸில்தான் வளர்ந்தது. அதற்கு முன்பு பொருளில் விலை எழுதியிருக்காது. கடைக்குள் வந்தவர் வாங்குவார் என்பதே எதிர்பார்ப்பு. அரிஸ்தித் பூசிக்கோ என்பவர் 1852-இல் ‘லெ போன் மார்ஷே’ கடையில் பங்குதாரரானார். எழுதிய விலைக்கு விற்பது, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்பது போன்ற வழக்கங்களை வைத்து அதைப் பெரிய பேரங்காடியாக்கினார். எமிலி ஸோலா 1883-இல் எழுதிய ஒரு நாவலுக்கு அந்தக் கடையே தூண்டுகோல். லண்டனில் ஹேரி செல்ஃப்ரிட்ஜ் 1909-இல் தம் கடையைத் திறந்தபோதும் இதே எண்ணத்தைத்தான் விளம்பரப்படுத்தினார். அவர் முன்பொரு முறை லண்டன் கடை ஒன்றில் “சும்மா பார்க்கிறேன்” என்று சொன்னதற்கு, “அப்படியானால் நடையைக் கட்டு” என்று விரட்டப்பட்டதாக ஒரு கதையும் உண்டு.

ஆக, சும்மா பார்ப்பது மனித குலத்தின் பிறவி உரிமை அல்ல. பேரங்காடிகளோடு பரவிய பழக்கம். நம் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். தோட்டத்து மளிகைக் கடையில் பொருள்கள் எல்லாம் கடைக்காரருக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். அவர் எடுத்துத் தருவார். கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். வாங்க வேண்டியது இல்லாமல் அங்கே போய் நின்றவர் யார்? இன்றும் பாட்டிமார் சிலர் பேரங்காடிக்குள் நுழைந்துவிட்டு, “ஒன்னும் வாங்காம எப்படிம்மா வெளிய போறது?” என்று கூச்சப்பட்டு ஒரு பொட்டலம் மிட்டாயாவது வாங்கி வருகிறார்கள்.

ஜெர்மனிக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் மரியாதை. உதவி வேண்டுமானால் கேட்பார் என்று பணியாளர் தம் வேலையைப் பார்ப்பார். அமெரிக்க வால்மார்ட் நிறுவனம் 1997-இல் ஜெர்மனிக்குள் நுழைந்து, வாசலில் ஆள் நிறுத்தி வரவேற்பது, கல்லாவில் பொருள்களைப் பையில் போட்டுக் கொடுப்பது என்று தன் ஊர் வழக்கத்தை அங்கேயும் கொண்டுவந்தது. ஜெர்மானியர் பலருக்கு அது சங்கடமாக இருந்தது. முன்பின் தெரியாதவர் ஏன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார், நம் சாமானை ஏன் தொடுகிறார் என்று கேட்டார்கள். 2006-இல் அந்நிறுவனம் தன் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. சிரிப்பினால்தான் கடை மூடப்பட்டது என்று சொல்வது மிகை. அல்டி, லிடல் போன்ற மலிவு விலைக் கடைகளின் போட்டியே பெரிய அடி. ஆனாலும், ஓர் ஊரில் மரியாதையாக இருப்பது இன்னோர் ஊரில் தொல்லையாகலாம் என்பதற்கு அந்த வரவேற்பு நல்ல சான்று.

ஜப்பானில்தான் நம்மவர்கள் அதிகம் திகைத்துப் போகிறார்கள். உள்ளே நுழைந்ததும் நான்கு பக்கமிருந்தும் “இரஷ்ஷாய்மாசே!” என்று குரல் வரும். ‘வாருங்கள்’ என்று பொருள். துணி மடித்துக்கொண்டிருப்பவர் தலையை நிமிர்த்தாமலேயே அதைச் சொல்வார். முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாரே என்று வருத்தப்படத் தேவையில்லை. அது எல்லாருக்கும் பொதுவான அழைப்பு. பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. விரும்பினால் இலேசாகத் தலையை அசைக்கலாம்.

பணம் கொடுக்கும்போது இன்னொரு தடுமாற்றம். கையில் நீட்டினால், பணியாளர் சிறு தட்டு ஒன்றைக் காட்டுவார். பணத்தை அதில்தான் வைக்க வேண்டும். கையைத் தொட அருவருப்பு என்று நினைத்து முகம் வாடியவர்களும் உண்டு. அது அந்த நாட்டில் அமைச்சருக்கும் ஒன்றுதான், அன்றாடக் கூலிக்கும் ஒன்றுதான். துணிக்கடையில் உடுத்திப் பார்க்கும் அறைக்குள் பொதுவாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பெண்களுக்குத் தலைவழியாகப் போட்டுக்கொள்ள மெல்லிய உறை ஒன்றையும் கொடுப்பார்கள். முகப்பூச்சு புதுத் துணியில் ஒட்டாமல் இருக்கத்தான் அது. நம் முகம் அழுக்கென்று சொல்வதற்கு அல்ல.

விலை உயர்ந்த கடைகளில் பணம் கட்டிய பிறகும் பையைக் கையில் தர மாட்டார்கள். பணியாளரே அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை கூடவே வருவார். ஏதோ பிரச்சினை, நம்மை வெளியேற்றுகிறார்கள் என்று பதறத் தோன்றும். வாசலில் பையை இரு கைகளாலும் நீட்டி, குனிந்து வணங்கிவிட்டு நிற்பார். நாம் திரும்பிப் பார்த்தால் அப்போதும் குனிந்தபடியே இருப்பார்.

இவ்வளவு கவனிப்பு ஜப்பானியருக்கே சில சமயம் பாரம்தான். அங்குள்ள ஆடை நிறுவனமான அர்பன் ரிசர்ச் 2017-இல், ‘என்னிடம் பேச வேண்டாம்’ என்று குறிப்புணர்த்தும் பை ஒன்றைச் சில கடைகளில் வைத்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டால் பணியாளர் அருகே வர மாட்டார். தென்கொரியாவில் இனிஸ்ஃப்ரீ அழகுசாதனக் கடைகளும் உதவி வேண்டுவோருக்கு ஒரு கூடை, தனியே பார்ப்போருக்கு ஒரு கூடை என்று வைத்தன. அழகுசாதனக் கடைகளில் பணியாளர் ஒட்டிக்கொண்டே வருவது கொரியர்களுக்கே எரிச்சல் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

சென்னை தியாகராய நகருக்குக் கல்யாணச் சேலை எடுக்கப் போகும் நம்மவர்களுக்கு நேரெதிர் அனுபவம். உட்காரச் சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் முப்பது நாற்பது சேலைகளை விரித்துப் போடுவார்கள். “பாருங்கம்மா, பார்க்கிறதுக்குக் காசா பணமா?” என்பார்கள். சேலைகள் மடித்து அடுக்கில் இருப்பதால், விரித்துக் காட்ட ஆள் இல்லாமல் வாடிக்கையாளர் எதையும் பார்க்க முடியாது. அங்கே விற்பனையாளர்தான் கண்ணாடிப் பேழை. மலைபோல் குவிந்த சேலையைப் பார்த்து, வாங்காமல் எழுந்தால் பாவம் என்று மனம் கூசும். அந்தக் கூச்சத்தில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. அதே சமயம், நாள் முழுவதும் நின்றே வேலை செய்த அந்தப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-இல்தான். ‘அங்காடித் தெரு’ படம் பார்த்தவர்களுக்கு அவர்கள் பாடு தெரியும். வேண்டாம் என்றால் முதல் ஐந்து சேலையிலேயே சொல்லிவிடுவது அவர்களுக்கும் நல்லது. காலையில் முதல் ஆளாகப் போய்ப் பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதைத் தவிர்க்கலாம். போணி ஆகவில்லை என்று மனம் வருந்துகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பேங்காக் சந்தைகளிலும் முதல் விற்பனையின் பணத்தால் மற்ற பொருள்களைத் தட்டி எடுக்கும் வழக்கம் உண்டு.

இஸ்தான்புல் பெரிய சந்தையில் கம்பளக்காரர் தேநீர் கொடுப்பார். குடித்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அது விருந்தோம்பல், கூடவே வியாபாரத் தந்திரமும். குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்து வரலாம். தேநீருக்காக ஆயிரக்கணக்கான வெள்ளியில் கம்பளம் எடுத்து, அதை எந்த அறையில் போடுவது என்று தெரியாமல் சுருட்டி வைக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும், உண்மையான அவமதிப்பு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர்கள் கடைகளில் சந்தேகத்தோடு பின்தொடரப்படுவது நெடுங்காலக் குறை. அதற்கென்றே அங்கே ஒரு பெயர் வழங்கும் அளவுக்கு அது பழகிப்போனது. நம் நாட்டுப் பேரங்காடியில் ஒருவர் பின்னாலேயே வந்தால், அவர் விற்பனைக்கு ஏற்பத் தரகு பெறும் பிரமோட்டராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

கண்டறிய இரண்டு நிமிடம் போதும். ஓர் ஓரமாக நின்று, அடுத்து வருகிற வாடிக்கையாளரை அதே பணியாளர் எப்படி நடத்துகிறார் என்று பார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி என்றால் அது கடையின் பழக்கம். மற்றவர்களை விட்டுவிட்டு நம் பின்னால் மட்டும் திரும்பி வந்தால், அது வேறு. அப்போது அவரிடமே திரும்பி, “இதன் விலை என்ன?” என்று நேராகக் கேட்கலாம். பொருள் விற்க வந்தவர் விலையைச் சொல்வார். காவலுக்கு வந்தவர் தடுமாறுவார். அந்நிலையில் மேலாளரை அழைத்து நடந்ததைச் சொல்லலாம், இல்லையென்றால் பொருளைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.