கவுன்சிலர்கிட்ட சொன்னா வெளிய போகுமா?

கவுன்சிலிங் ரூம் கதவு வரைக்கும் போயிட்டு திரும்பி வர்ற பல பேருக்கு ஒரே பயம்தான்: "நான் சொல்றது ஹெச்ஓடிக்கோ வீட்டுக்கோ போயிடுமா?"

நியாயமான கேள்வி. போகக்கூடாது என்பதுதான் விதி. ரகசியம் காப்பது கவுன்சிலர் நமக்குப் பண்ற உதவி இல்ல, அவரோட தொழில் தர்மம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, மனநல சிகிச்சை பெறுபவருக்கு இதை உரிமையாகவே கொடுக்குது.

ஆனா இதுக்கு ஒரு எல்லை உண்டு. அதைப் புரிஞ்சுக்க ஒரு வழக்கைப் பார்க்கலாம்.

1969-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு இந்தியாவிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போறதா தன் தெரபிஸ்ட்கிட்ட சொன்னார். அந்தப் பெண் டாடியானா டாரசாஃப் என்று எளிதா கண்டுபிடிச்சிருக்கலாம். தெரபிஸ்ட் கேம்பஸ் போலீஸுக்குத் தகவல் கொடுத்தார். போலீஸ் மாணவரைப் பிடிச்சு, தெளிவாத்தானே பேசறார்னு விட்டுட்டாங்க. டாடியானாவுக்கோ அவர் பெற்றோருக்கோ யாருமே எச்சரிக்கை கொடுக்கல. அக்டோபர் 27-ல் அவர் கொல்லப்பட்டார்.

பெற்றோர் வழக்குப் போட்டாங்க. ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாக்க நியாயமான முயற்சி எடுப்பது தெரபிஸ்ட்டின் கடமை என்று 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம்ம சட்டத்திலும் இப்படி விதிவிலக்குகள் இருக்கு: இன்னொருவருக்குத் தீங்கு வரும்னா, உயிருக்கு ஆபத்துன்னா, நீதிமன்றம் உத்தரவிட்டா தகவலைச் சொல்லலாம். ஆனா ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும்தான் சொல்லணும். நீங்க அரியர், பிரேக்கப், வீட்டுச் சண்டை எல்லாமே பேசியிருக்கலாம். ஆபத்தைச் சாக்கா வச்சு அந்த மொத்தக் கதையையும் வெளிய கொட்ட முடியாது.

நடைமுறையில ஒரு சிக்கல் இருக்கு. பல கல்லூரிகள்ல பாடம் எடுக்கிறவரே கவுன்சிலராவும் இருப்பார். இன்டர்னல் மார்க் போடுறவர்கிட்ட மனசு விட்டுப் பேசறது கஷ்டம். ஒருத்தரே ரெண்டு உறவுல இருப்பதைத் தவிர்க்கணும்னு தொழில் நெறிமுறைகள் சொல்றது இதனாலதான்.

அதனால முதல் சந்திப்பிலேயே மூணு கேள்வி கேளுங்க. நான் சொல்றதை எப்போ, யார்கிட்ட சொல்வீங்க? குறிப்புகளை யார் பார்ப்பாங்க? உங்க தகுதி என்ன? இதைக் கேட்டா நல்ல கவுன்சிலர் கோபப்பட மாட்டார். பல பேர் நீங்க கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க. பதில் மழுப்பலா வந்தா வேற ஆளைத் தேடலாம், தப்பே இல்ல.

காலேஜுக்குள்ள பேசவே தயக்கமா இருந்தா, மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.